லாரியை மறித்தது யார்?

கேள்வி: பாலக்காட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போன எங்கள் லாரி வாளையார் செக்போஸ்டில் 'ஹெல்ட் அப்' என்று அங்கிருக்கிற மண்டிக்காரர் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார். அகராதியில் பார்த்தால் வழிப்பறி என்று இருக்கிறது, அப்பா பதறிப்போய்விட்டார். என்னதான் அர்த்தம்?
- வாசகர், கிணத்துக்கடவு

பதில்: முதலில் அப்பாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். லாரி எங்கோ வரிசையில் மாட்டித் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். 'ஹெல்ட் அப்'புக்கு மூலமான 'ஹோல்ட் அப்' என்பதற்கு வழிமறித்துக் கொள்ளையடிப்பது என்ற பொருளும் உண்டுதான், ஆனால் அப்படியென்றால் துப்பாக்கி, முகமூடி, வங்கி என்று ஏதாவது ஒன்று பக்கத்திலேயே தலைகாட்டும். லாரியும் செக்போஸ்டும் சேர்ந்து வந்தால் தாமதம்தான். இதில் நம் ஆட்கள் சறுக்குகிற இடம் வேறு: நெரிசலில் தாமதமாகிவிட்டது என்று சொல்ல, 'டிராஃபிக் ஹெல்ட் அஸ் அப்' என்று 'அஸ்' (எங்களை) நடுவில் வரவேண்டும், 'ஹெல்ட் அப் அஸ்' என்றால் தப்பு. அப்புறம், தாக்குப்பிடிப்பது என்றும் பொருள் உண்டு. துக்க வீட்டில் 'ஹவ் ஆர் யூ ஹோல்டிங் அப்?' என்று கேட்டால், மனசைத் தேற்றிக்கொண்டு இருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார்கள். உங்கள் தக்காளி இந்த வெயிலில் 'ஹோல்ட் அப்' ஆனதா என்பதை மண்டிக்காரரிடம்தான் கேட்கவேண்டும்.