முதலில் கட்டிலைக் காலி செய்யுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். கீழ் வீட்டில் அவர், மாடியில் நாங்கள். அம்மா தவறிய பிறகு பழைய பேப்பர், ஒயர் துண்டு, காலி டப்பா, ஜவுளிக்கடைப் பை என்று வீடு முழுக்கக் குவித்துவிட்டார். கட்டிலிலும் சாமான் என்பதால் ஈஸி சேரிலேயே தூங்குகிறார். ஆவணியில் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மானம் போகிறது. அடுத்த மாதம் அவர் காசிக்குப் போகும்போது குட்டியானை வைத்து எல்லாவற்றையும் அள்ளிவிடலாமா?
- திருச்சி வாசகி

பதில்: ஆவணி, மானம், குட்டியானை எல்லாம் விவரமாக எழுதிய நீங்கள், அப்பா ஈஸி சேரில் தூங்குவதை அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எத்தனை மாதமாக? இரவெல்லாம் கால் தொங்கினால் இந்த வயதில் பாதம் வீங்கும். குனிந்து பார்த்தீர்களா? பெற்றவர் உட்கார்ந்தே தூங்க, அதே வீட்டு மாடியில் நீங்கள் மெத்தையில் படுக்கிறீர்கள். மானம் போகிற விஷயம் அதுதான், பேப்பர் கட்டு இல்லை.

அள்ளக் கூடாது. ஆளில்லாதபோது அள்ளிய வீடு சில மாதத்தில் மறுபடி நிரம்பும். அதற்குப் பிறகு உங்களை வாசற்படி ஏற விடமாட்டார். இது கஞ்சத்தனம் இல்லை. எதையும் விட முடியாமல் குவிக்கும் இதை ஹோர்டிங் டிஸார்டர் என்று 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே தனி நோயாகப் பிரித்துவிட்டது. காலி டப்பாவுக்கு விலை இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதைக் கைவிடுவதுதான் அவரால் முடியவில்லை.

வீட்டை மறந்துவிடுங்கள், குறி கட்டில் மட்டும். “அப்பா, நீங்க காலை நீட்டிப் படுக்கணும்” என்று தொடங்குங்கள். ‘குப்பை’ என்ற சொல் வாயில் வரக் கூடாது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கட்டிலில் இரண்டடி இடம் போதும். பேப்பர், காலாவதி மாத்திரையில் ஆரம்பியுங்கள். அம்மாவின் புடவை, போட்டோ பக்கம் இப்போது போகவே வேண்டாம். எடுப்பது அவர் கை, முடிவும் அவருடையது. “இதை எங்கே வைக்கலாம்? இதே மாதிரி இன்னொன்று இருக்கா?” என்று கேட்பது மட்டும் உங்கள் வேலை. வைப்பது, கொடுப்பது, போடுவது என மூன்று பை வையுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நாலாவது குவியல் முளைத்தால் சாமான் இடம் மாறுமே தவிர, குறையாது. போட வேண்டியது அன்றைக்கே தெருவைத் தாண்டிவிட வேண்டும். வாசலில் இருந்தால் விடிவதற்குள் உள்ளே வந்துவிடும். புதிதாக வருவதையும் நிறுத்தாவிட்டால் இத்தனையும் வீண். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே என்று பேசி முடிவு செய்யுங்கள்.

பேரம் பேசாமல் சொல்லவேண்டியவை இரண்டு: அடுப்புக்கு மூன்றடிக்குள் பேப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது, வாசலிலிருந்து கட்டில், கழிவறை வரை மூன்றடி அகல வழி எப்போதும் வேண்டும்.

கட்டில் காலியாகும்வரை மாடியில் அவருக்கு ஒரு படுக்கை போடுங்கள். கீழ் வீட்டுச் சாவி அவரிடமே இருக்கட்டும், காசிக்குப் போகும்போதும்.

டாக்டரிடம் போக மறுப்பார். கால் வீக்கத்தைச் சொல்லி அழைத்துப் போங்கள், அங்கிருந்து மனநல மருத்துவரிடம். இந்தப் பழக்கம் பெரும்பாலும் இளவயதிலேயே துளிர்த்து, வயது ஏற ஏற முற்றும். இத்தனை காலம் அம்மா அதைக் கட்டுக்குள் வைத்திருந்திருக்கலாம். அப்படியில்லாமல் திடீரென்று தொடங்கி, மறதியோ குணமாற்றமோ சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். டிமென்ஷியா என்ற மறதி நோயிலும் இப்படி வரும். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது, பேசிப் பழக்கத்தை மாற்றும் மனநலச் சிகிச்சைதான் முக்கியம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பெண் பார்க்க வருகிறவர்களை மாடியில் உட்கார வையுங்கள். அப்பாவும் வேட்டி சட்டையோடு அவர்கள் நடுவில் இருக்கட்டும். கீழ் வீட்டைப் பற்றிக் கேட்டால், அப்பாவுக்கு ஒரு நோய், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் வீட்டுக்கு உங்கள் மகள் வாழப் போக வேண்டாம்.