பெர்லின் தோழி எப்போதும் ஒரு தட்டு பிந்துகிறார்: காரைக்குடிக் கேள்விக்குப் பதில்

பெர்லினில் இருக்கும் தோழியோடு வீடியோ காலில் நடனம் பழகும்போது அவர் எப்போதும் ஒரு தட்டு பிந்துகிறார், என்ன செய்வது என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தீர்கள். உங்கள் லேப்டாப்பில் பாட்டைப் போட்டு வீடியோ காலில் அனுப்புவதை நிறுத்துங்கள். இருவரும் ஒரே ஆடியோ கோப்பை அவரவர் இடத்திலேயே ஓட விடுங்கள். தோழி தாளம் தப்பவில்லை.

ஒரு வழிக்குக் கால் விநாடி தாமதம் என்று வையுங்கள். பாட்டு அவருக்குக் கால் விநாடி பிந்திப் போகிறது, அவர் ஆடுவது இன்னொரு கால் விநாடி பிந்தி உங்களுக்கு வருகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் இசையில் அரை விநாடி என்பது முழுசாக ஒரு தட்டு. நெட் பிளானை மாற்றினாலும் இது அடியோடு போகாது.

சோதிக்க: நீங்கள் "ஒன்று", அவர் "இரண்டு" என்று மாறி மாறி இருபதுவரை எண்ணுங்கள். பிறகு ஒரே அறையில் இருக்கும் ஒருவரோடு அதையே செய்யுங்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும்.

ஒன்றாகப் பார்க்க வேண்டுமா? தொடக்கத்தில் கேமரா முன் பாட்டோடு சேர்ந்து ஒரு கைதட்டல், தனித்தனிப் பதிவு, அப்புறம் கைதட்டலை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்துங்கள். வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில், ஆடுவதாகச் சொன்னீர்கள். அங்கே எதிரொலி சேரும், ஹெட்போன் போடுங்கள். அங்கே பதித்த ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு குதிக்கவும் வேண்டாம், முட்டி பாவம்.

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியாகவே உருவாக்கினார்கள். அந்த வழியும் இருக்கிறது.

ஆனால் தூக்குவது, ஒருவர் மேல் ஒருவர் சாய்வது போன்றவற்றைத் திரை வழியே பழக முடியாது. அதற்கு நேரில் சில நாட்கள் ஒதுக்கியே ஆக வேண்டும்.