தாசா மலையூர்த் திருப்பயணம்: முகவர் தரும் மஞ்சள் அட்டையை நம்பலாமா?

கேள்வி: நான் தூத்துக்குடியில் வசிக்கிறேன். என் தம்பி மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் கொட்டொனு நகரில் முந்திரிக்கொட்டை வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அங்கே தாசா-சூமே என்ற மலையூரில் ஆகஸ்டில் நடக்கும் மாதா திருப்பயணத்துக்கு 67 வயதான அம்மாவை அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறோம். இங்கே பனிமய மாதா திருவிழா முடிந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறோம். விசாவுக்கும் மஞ்சள் காய்ச்சல் அட்டைக்கும் சேர்த்து ஆளுக்கு 40,000 ரூபாய் கேட்கும் முகவர் ஒருவர், அறுபது தாண்டியவர்களுக்கு ஊசி போடமாட்டார்கள், அட்டையை மட்டும் நான் வாங்கித் தந்துவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா? அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அவரால் மலை ஏற முடியுமா?

பதில்: நம்ப வேண்டாம். அந்த முகவரிடம் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் இன்றே விலகிவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மலை பற்றிய கேள்விக்கு விடை எளிது, விசாவுக்கும் எளிது. ஊசி பற்றியதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆப்பிரிக்கா செல்லும் நம் மக்கள் அதிகமாக ஏமாற்றப்படுவது அந்த இடத்தில்தான்.

மலையை முதலில் முடித்துவிடுகிறேன். தாசா-சூமேயை 41 குன்றுகளின் ஊர் என்பார்கள். வட்டமாகத் தேய்ந்த கருங்கல் பாறைகள் வீடுகளுக்கு நடுவிலேயே எழுந்து நிற்கும். ஆனால் திருப்பயணத்தின் மையமான அரிக்போ மாதா குகை குன்றின் உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. பேராலயமும் அதன் அருகிலேயே. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மரியன்னை ஆண்டாக அறிவித்த 1954 முதல் மக்கள் இங்கே கூடி வருகிறார்கள். உங்கள் அம்மா ஒரு படிகூட ஏறாமல் குகைக்கு முன்னால் நின்று செபிக்கலாம். அவருக்குச் சிரமம் தரப்போவது ஏற்றமல்ல, கூட்டமும் நீண்ட நேரம் நிற்பதும்தான். மடக்கு நாற்காலி ஒன்று, வேளைக்கு உண்ண வேண்டிய மாத்திரைகள், சர்க்கரை குறைந்தால் வாயில் போட்டுக்கொள்ள இனிப்பு ஏதாவது, இவை எப்போதும் கையில் இருக்கட்டும்.

இனி ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, அதாவது முகவர் சொல்லும் அந்த அட்டை, இல்லாமல் பெனினுக்குள் நுழைய முடியாது. அதைவிட முக்கியமாக, அது இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவும் உங்களை வீட்டுக்கு அனுப்பாது. அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதுதான். நோய் மட்டும் இதுவரை இங்கே வரவில்லை. ஒரே ஒரு நோயாளி வழியாக அது உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காக, நோயுள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாள்களுக்குள் சான்றில்லாமல் வந்திறங்குபவரை அந்த ஆறு நாள்கள் நிறைவடையும்வரை தனிமையில் வைக்க விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. இந்த விதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இது அவசியமான விதி. நோய் முற்றிக் கடுமையான கட்டத்துக்குப் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைப்பதில்லை. அதைக் குணப்படுத்தத் தனி மருந்தும் கிடையாது. ஊசி போடாமல் அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர் உங்கள் அம்மாவை எந்த ஆபத்துக்கு அனுப்புகிறார் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள். போலிச் சான்று பிடிபட்டால் முதலில் சிக்குவது முகவர் அல்ல, அட்டையில் பெயர் உள்ளவர்தான்.

அறுபது தாண்டியவர்களுக்கு ஊசி இல்லை என்பது அரைகுறை உண்மை, போலி அட்டைத் தொழிலின் பெரும்பகுதி நடப்பது இந்த அரைகுறை உண்மையை வைத்துத்தான். முழு உண்மையைச் சொல்கிறேன். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசி. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக இதைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, மிக அரிதென்றாலும், இளையவர்களைவிடச் சற்று அதிகம். ஆகவே மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்து, பயணத்தின் தேவையையும் அவருடைய உடல்நிலையையும் சீர்தூக்கி முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் விதி. போடவே கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ மட்டும் தடையாகாது. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நோய் கண்டவர்கள் அல்லது அதை அகற்றியவர்கள் ஆகியோருக்கு இந்த ஊசி ஆகாது. உங்கள் அம்மா வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடம், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துச் சென்று, இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூட்டுவலிக்கு ஊர் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையும் அந்தப் பையில் இருக்கட்டும், ஸ்டீராய்டு அதில் ஒளிந்திருக்கலாம்.

மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் முறையான வழி இருக்கிறது. அனைத்துலகத் தடுப்பூசிக் கையேட்டில், அதாவது அந்த மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தில், தடுப்பூசிக்கு மருத்துவத் தடை இருப்பதைப் பதிவு செய்ய இடம் உண்டு. அதை நிரப்பி முத்திரையிட்டு, காரணத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதி மருத்துவர் கையொப்பமிட்ட கடிதத்தையும் சேர்த்து எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எல்லா வாயிலும் திறந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அதை ஏற்பதா இல்லையா என்பது அந்த நேரத்தில் பணியில் இருக்கும் சுகாதார அதிகாரியின் முடிவு. பெனின் ஏற்றுக்கொண்டு, திரும்பும்போது இங்கே ஏற்காமல் போகவும் கூடும். பெனினிலிருந்து கிளம்பிய பிறகு நோயில்லாத வேறொரு நாட்டில் ஆறு முழு நாள்கள் தங்கி வந்தால் தனிமைப்படுத்தும் கேள்வியே எழாது. ஆனால் மூத்த அம்மாவை அதற்காக இன்னொரு நாட்டில் அலையவிட வேண்டுமா என்று யோசியுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கடிதத்தால் கொசுக்கடியைத் தடுக்க முடியாது. ஊசி ஆகாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டால், அம்மாவை அழைத்துச் செல்லாதீர்கள் என்பதே என் கருத்து. இந்த ஆண்டுத் திருப்பயணம் பனிமய மாதா சந்நிதியிலேயே நிறைவேறட்டும்.

ஊசியை எங்கே போடுவது? எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. மத்திய சுகாதார அமைச்சகம் பட்டியலிட்ட மையங்கள் தரும் சான்று மட்டுமே செல்லும். சென்னை கிண்டியில் கிங் நிறுவனம், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், உங்கள் ஊரிலேயே துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளவை. முதலில் உங்கள் ஊர் அலுவலகத்தைக் கேளுங்கள். நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு போங்கள், ஏனென்றால் வாரத்தில் குறிப்பிட்ட சில நாள்களில்தான் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செலவழித்தாக வேண்டும் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். காரணம் சரிதான். ஆனால் ஆப்பிரிக்கக் கப்பல்களிலும் சுரங்கங்களிலும் வணிக நிறுவனங்களிலும் இத்தனை ஆயிரம் தமிழர்கள் உழைக்கும்போது, மதுரைக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் கூடுதல் மையங்கள் வேண்டும் என்று பல்லாண்டாகச் சொல்லியும் யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒருவர் வேலையை விட்டு ராத்திரிப் பேருந்து ஏறி வந்து, இன்று மருந்து வரவில்லை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புகிறார். வாசலிலேயே நிற்கும் தரகர் அவர் தோளில் கை போட்டுவிடுகிறார். போலி அட்டைகள் பிறக்கும் இடம் இதுதான், இதைச் சரிசெய்யாமல் தரகர்களைத் திட்டுவதில் பயனில்லை.

ஊசி போட்டதும் அட்டையை அங்கேயே திறந்து பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்க வேண்டும். தலைப்பெழுத்தைப் பெயராகவும் பெயரைத் தலைப்பெழுத்தாகவும் மாற்றி எழுதிவிடுவது அன்றாடம் நடக்கும் பிழை. பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், கையொப்பம், மையத்தின் முத்திரை ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்று ஊசி போட்ட பத்தாம் நாள் முதல்தான் செல்லும். அதற்கு முன்பு பயணம் செய்தால் அட்டை இல்லாதவருக்குச் சமம். 2016 ஜூலை முதல் ஒரு ஊசியே ஆயுள் முழுவதற்கும் போதும். பத்தாண்டு என்று அச்சிட்ட பழைய அட்டை வைத்திருப்பவர் மீண்டும் போட வேண்டியதில்லை. பள்ளியில் போட்ட மஞ்சள் காமாலை ஊசியை இதோடு குழப்பிக்கொண்டு, எனக்கு ஏற்கெனவே போட்டாயிற்று என்று வருபவர்கள் உண்டு. அது வேறு நோய், வேறு மருந்து. நீங்கள் ஆகஸ்ட் 5-க்குப் பிறகு கிளம்புவதால் ஜூன் மாதத்திலேயே ஊசியை முடித்துவிடுங்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தாலும் இன்னொரு நாள் போக நேரம் இருக்கும்.

விசாவுக்கு முகவர் தேவையில்லை. பெனின் அரசே இணையவழி விசா தருகிறது. முப்பது நாள், ஒருமுறை நுழைவுக்கு 50 யூரோ, முப்பது நாள் பலமுறை நுழைவுக்கு 75 யூரோ, தொண்ணூறு நாளுக்கு 100 யூரோ என்பது நான் அறிந்த கட்டணம். விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பெரும்பாலானவை அரசுத் தளம் போலவே வண்ணம் பூசிக்கொண்ட இடைத்தரகர் தளங்கள். உண்மையான முகவரியின் கடைசி எழுத்துகள் பெனின் நாட்டுக்கான ‘பிஜே’ என முடியும். தம்பி அங்கேயே இருப்பதால், அவரிடம் அலுவலகத்தில் கேட்டு அந்த முகவரியை அனுப்பச் சொல்லுங்கள், கூகுளை நம்பித் தேட வேண்டாம். அவருடைய வீட்டு முகவரியையும் தங்கும் விவரத்தையும் அவரே எழுதித் தரட்டும். இன்னொரு எச்சரிக்கை: ஒரே விசாவில் மேற்கு ஆப்பிரிக்கா முழுதும் சுற்றலாம் என்று முகவர் சொன்னால் அது பொய். அந்நாடுகளுக்கிடையே விசா இல்லாமல் போய்வரும் உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. ஒருமுறை நுழைவு விசாவில் பக்கத்து டோகோவுக்கு எட்டிப் பார்த்துவிட்டு வந்தால், எல்லையில் நிறுத்திவிடுவார்கள்.

கொட்டொனுவிலிருந்து தாசா சுமார் 200 கிலோமீட்டர். வரைபடத்தில் ரயில் பாதை தெரியும், அதை நம்பித் திட்டமிடாதீர்கள். தம்பி நம்பும் ஓட்டுநரோடு தனி வண்டி ஏற்பாடு செய்து, விடியற்காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேர வேண்டும். இரவில் அந்தச் சாலையில் விளக்கில்லாத லாரிகள் நிற்கும். விழாவின் தேதி ஆகஸ்ட் 15 விண்ணேற்பு விழாவை ஒட்டிய வார இறுதியில் அமையும். ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன்பு தம்பியை அங்குள்ள பங்குக் கோயிலில் கேட்டுவிடச் சொல்லுங்கள். அந்த நாள்களில் நாடெங்கிலுமிருந்து மக்கள் பாய், பானையோடு வந்து பேராலயத்தைச் சுற்றி வெளியில் படுத்துக்கொள்வார்கள். தாசாவில் விடுதிகள் குறைவு, அந்த வாரத்தில் கிடைக்கவே கிடைக்காது. தெற்கே சுமார் 75 கிலோமீட்டரில் உள்ள பொஹிக்கோனிலோ, பழைய தஹோமே அரசின் அரண்மனைகள் உள்ள அபோமேயிலோ அறை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே சவலுவும் பக்கம்தான். தாசா வழியாகவே வடக்கே செல்லும் சாலைகள் பிரிகின்றன. நாட்டின் வடகோடியில் 2021 முதல் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் நடக்கிறது, ஆகவே வனப் பூங்கா பார்க்கலாம் என்று யாராவது ஆசைகாட்டினாலும் தாசாவுக்கு மேலே போகாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. அந்தப் பகுதியின் சிறப்பு, வேகவைத்த கருணைக்கிழங்கு போன்ற பெரிய யாம் கிழங்கை மர உரலில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி இடித்து, பசை போலத் திரட்டித் தரும் உணவு. அதனோடு தரும் வேர்க்கடலைக் குழம்பில் மீனோ இறைச்சியோ கலந்திருக்கும், அம்மா உண்ணாதவர் என்றால் முன்பே கேளுங்கள். சாலையோரத்தில் பெண்கள் தட்டில் அடுக்கி விற்கும் சிவந்த நிறப் பாலாடைக் கட்டிக்குச் சோளத்தண்டிலிருந்து எடுத்த சாயம் ஏற்றியிருப்பார்கள்; பொரித்துச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும். மலேரியாவும் ஆண்டு முழுவதும் உண்டு, ஆகஸ்ட் மழைக்காலமும்கூட. ஊசிக்காகப் போகும்போதே மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள், அம்மாவின் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். பணம் சீஃபா பிராங்கில் கேட்பார்கள், நம் ரூபாயை அங்கே யாரும் மாற்ற மாட்டார்கள். இங்கிருந்து யூரோவாகக் கொண்டு போங்கள்.

கடைசியாக, மஞ்சள் கையேட்டைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது குடியேற்றத்துக்கு முன்பே சுகாதார மேசையில் அதைத்தான் கேட்பார்கள், பெட்டி வரும் பட்டைக்குப் போகும் வாய்ப்பு அதற்குப் பிறகுதான். அதன் முதல் பக்கத்தையும் ஊசிப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பி வையுங்கள்.