மெர்க்கெல் செல் புற்றுநோய்: கட்டியை எடுத்த பிறகும் ஏன் இத்தனை சோதனை?

மும்பை மாதுங்காவில் இருக்கும் உங்கள் மாமாவுக்குக் கன்னத்துக் கட்டியை எடுத்துவிட்டார்கள், பயாப்ஸியில் மெர்க்கெல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது, வலியே இல்லாத சின்னக் கட்டிக்கு இன்னும் என்ன சோதனை என்று கேட்கிறீர்கள்.

வலி இல்லாததுதான் ஆளை ஏமாற்றும். சிவப்பாகவோ ஊதாவாகவோ, தொட்டால் கெட்டியாக, கொசு கடித்த தடிப்பு மாதிரி தொடங்கிச் சில வாரங்களிலேயே மளமளவென்று வளரும்; என் பெரியப்பாவுக்குச் சீழ்க்கட்டி என்று ஒரு கிளினிக்கில் இரண்டு மாதம் களிம்பு தடவ வைத்தார்கள்.

நுண்ணோக்கியில் இது நுரையீரலின் சிறுசெல் புற்றுநோய் போலவே தெரியும், அதனால் சாயமேற்றிப் பார்ப்பார்கள். சிகே20 என்ற புரதத்துக்கான சாயம் செல்லின் கருவை ஒட்டிப் புள்ளியாக விழுந்து, டிடிஎஃப்-1 என்ற இன்னொரு புரதத்துக்கான சாயம் விழாமல் இருந்தால் பெரும்பாலும் மெர்க்கெல்தான். ரிப்போர்ட்டில் இந்த இரண்டு வரியையும் தேடுங்கள்.

சரி, மேற்கொண்டு சோதனை எதற்கு? இது சீக்கிரமே நிணநீர்க் கணுவுக்குப் போய்விடும், கையால் தடவினால் தெரியாது. அதனால்தான் சென்டினல் நோட் பயாப்ஸி (கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை எடுத்துப் பார்ப்பது), பெட் சிடி (உடம்பில் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன்). கதிர்வீச்சுக்கு நன்றாகவே கட்டுப்படும். பரவியிருந்தால் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை: அவெலுமாப் என்ற மருந்துக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கீமோவில் சுருங்கும், ஆனால் பல பேருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும்.

பயாப்ஸி ஸ்லைடோடு, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள், கூட்டம் அப்படி.