அலுமாரிக்குள் அறுபது குளிசை

கேள்வி: தங்கச்சி, எனக்கு வயது 71. களுவாஞ்சிகுடிப் பக்கம். மூன்று வருசத்துக்கு முந்தி இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று ஒப்பரேசன் செய்து, மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்டும் (கதிர்வீச்சு) பிடித்தேன். மறுகா, லெட்ரோசோல் என்று ஒரு குளிசையை ஐந்து வருசம் தினமும் போடச் சொல்லித் தந்தார்கள். சீனிக்கும் பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் ஏற்கெனவே போடுகிறேன். இப்போது காலையில் கைவிரல் மடங்குதில்லை. இடியப்ப உரல் பிழிய ஏலாது. முழங்கால் நோவில், வாவியைக் கடக்கிற பாதைப் படகு ஏறி மண்டூர்க் கோயிலுக்குப் போய் ஒரு வருசமாகிறது. இரண்டு மாதமாக அந்தக் குளிசையைப் போடவில்லை. கிளினிக்கில் தருவதை வாங்கி வந்து மைலோ டின்னுக்குள் போட்டு அலுமாரியில் வைக்கிறேன். மகளுக்குத் தெரியாது. டொக்டருக்கும் சொல்லவில்லை. நோவு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. இந்த வயதில் இனி இது எதுக்கு? பக்கத்து வீட்டில் சோயா மீற் தின்னாதே, சாத்தாவாரிக் கஞ்சி குடி என்கிறார்கள். நான் செய்தது பிழையா?

பதில்: அக்கா, உங்கள் கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே இறங்குகின்றன. கடைசி நாலு வரி வேறு ஆளின் கையெழுத்து, உருண்டை உருண்டையான பள்ளிக்கூட எழுத்து. பேத்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரியும். நல்லது.

குளிசையை நிறுத்தியதற்காக நான் உங்களை ஏச மாட்டேன். முப்பது வருசத்துக்கு மேல் வார்ட்டில் நர்ஸாக நின்றவள் நான். தினமும் ஒன்று, ஐந்து வருசம் என்றால் 1,825 குளிசை. ஒன்றுகூட விடாமல் போட்டேன் என்று சொன்ன பலரை நான் மனதுக்குள் நம்பியதில்லை. நீங்கள் நிறுத்தியதை மறைத்தீர்களே, அதுதான் எனக்குப் பயம்.

என் மாமிக்குப் பிரஷர் இருந்தது. ஒழுங்காகப் போடுகிறேன் என்று கிளினிக்கில் சொல்வார். பிரஷரோ இறங்கவில்லை. அங்கே என்ன செய்வார்கள்? மருந்தைக் கூட்டினார்கள். ஒரு குளிசை இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒரு முறை நான் லீவில் நின்றபோது கிளினிக் கொப்பியைப் பார்த்து மூன்றையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் கிணற்றடியில் கண் இருட்டி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. பிறகுதான் மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு சொப்பிங் பை நிறையக் குளிசை. மருந்தே போடாத ஒருவருக்கு மூன்று மருந்து எழுதியிருக்கிறார்கள், அதை ஒரு நர்ஸ் நின்று கொடுத்திருக்கிறாள். இன்றைக்கும் அந்தக் கிணற்றுப் பக்கம் போனால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

உங்கள் விஷயத்திலும் இதே கணக்குத்தான். அடுத்த பரிசோதனையில் ஏதும் சந்தேகமாகத் தெரிந்தால், லெட்ரோசோல் போட்டுக்கொண்டிருக்கும்போதே நோய் தலைகாட்டிவிட்டது, இந்த மருந்து இவருக்குக் கேட்கவில்லை என்றுதான் டொக்டர் நினைப்பார். அதைவிடக் கடுமையான வைத்தியத்துக்கு மாற்றுவார். உண்மையில் அந்த மருந்து டின்னுக்குள் கிடந்திருக்கும்.

இந்தக் குளிசை உள்ளே என்ன செய்கிறது என்று யாரும் உங்களுக்கு இருந்து சொல்லியிருக்க மாட்டார்கள். கிளினிக்கில் நிற்கும் சனத்துக்கு அதற்கு நேரமும் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரஜன் ஊறிக்கொண்டேதான் இருக்கும். சூலகம் ஓய்ந்தாலும் கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி அதைத் தயாரிக்கும். உங்களுக்கு வந்த வகைக் கட்டிக்கு அந்த ஈஸ்ட்ரஜன்தான் சாப்பாடு. லெட்ரோசோல் அந்த நொதியை மறித்து, எங்காவது ஒளிந்திருக்கக்கூடிய புற்றுநோய்க் கலங்களைப் பட்டினி போடுகிறது. ஆனால் அதே ஈஸ்ட்ரஜன்தான் மூட்டையும் எலும்பையும் பார்த்துக்கொண்டதும். அதனால்தான் காலையில் விரல் மடங்காது, முழங்கால் பிடிக்கும், இரவில் திடீரென்று உடம்பு கொதிக்கும். வைகாசியில் அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற ஊரில் இருந்துகொண்டு, நடுச்சாமத்தில் யன்னலைத் திறந்துவைத்து நிற்கிற பெண்கள் எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன்! உங்கள் நோவு மனப்பிரமையும் இல்லை, சோம்பலும் இல்லை. இந்தக் குளிசை போடும் பலருக்கு வருவதுதான்.

நிறுத்தினதும் நோவு குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி டொக்டருக்குப் பெரிய தகவல். சில வேளை அவர்களே இரண்டு முதல் நாலு வாரம் குளிசையை நிறுத்திப் பார்ப்பார்கள். நோவு இறங்கினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றுவார்கள், அனஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேன். ஒன்று ஒத்துவராதவருக்கு மற்றது ஒத்துவருவது உண்டு. அதுவும் சரிவராவிட்டால் தமொக்சிபென் இருக்கிறது. அது மூட்டில் இவ்வளவு கைவைக்காது. ஆனால் இரத்தம் கட்டியாகும் ஆபத்தும் கருப்பையில் கோளாறு வரும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. அதைப் போடும்போது ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ 1990 அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். ஆக, கையில் இரண்டு மூன்று வழி இருக்கிறது. சொல்லாதவருக்குத்தான் ஒன்றும் இல்லை.

எல்லாப் பழியையும் லெட்ரோசோல் தலையில் போடவும் எனக்கு மனம் இல்லை. கொலஸ்ட்ரோலுக்கு இரவில் போடுகிறீர்களே, அது அநேகமாக அட்டோவாஸ்டட்டினாக இருக்கும். அதுவும் சிலருக்குத் தசை நோவைத் தரும். சீனிக்கு மெட்போமினைப் பல வருசம் போட்டவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து கைகால் விறைக்கும். விற்றமின் டி குறைந்தாலும் எலும்பு வலிக்கும். இடையில் சிக்குன்குன்யாக் காய்ச்சல் வந்து போனதா? 2006 கடைசியில் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் அது பரவியபோது, காய்ச்சல் விட்டு மாதக்கணக்காகியும் சுவரைப் பிடித்து நடந்தவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். இரவில் பெருவிரல் பக்கம் விறைத்து, கையை உதறினால் சரியாகிறதா? அது மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுவதாக இருக்கலாம். இதையெல்லாம் டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்காக மற்றக் குளிசைகளையும் டின்னுக்குள் போட்டுவிடாதீர்கள்!

இனி அந்தப் பெரிய கேள்வி, 71 வயதில் இது எதுக்கு என்பது. கேட்கக்கூடாத கேள்வி இல்லை அக்கா. கேட்க வேண்டிய இடத்தில்தான் நீங்கள் கேட்கவில்லை. இந்தக் குளிசையால் ஆளுக்கு ஆள் நன்மை வேறு. கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, கக்கத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்ததா, இதயம், சிறுநீரகம் எப்படி என்பதைப் பொறுத்தது அது. மிகவும் தளர்ந்த ஒருவருக்கு டொக்டரே "போதும், இனித் தேவையில்லை" என்று சொல்வதுண்டு. "இதைப் போட்டால் எனக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு குறையும், போடாவிட்டால் எவ்வளவு?" என்று நேரே கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை, நான் மறுக்க மாட்டேன். ஆனால் குருமண்வெளித் துறையில் பாதை ஏற முடியவில்லையே என்று கவலைப்படுகிற ஒரு பெண்ணுக்கு வயது முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

நோவுக்கு வீட்டில் செய்யக்கூடியது நடை. நோகிற காலை நடக்கச் சொல்கிறாளே என்று ஏசாதீர்கள். இந்த வகைக் குளிசையால் மூட்டு நோவு வந்த பெண்களை ஒரு வருசம், வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவும் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி செய்யவும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நோவு கால் பங்குக்கு மேல் குறைந்தது. ஒரேயடியாக வேண்டாம். வெயில் ஏறுமுன் பத்து நிமிடம், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் வெள்ளென. காலையில் எழும்பியதும் ஒரு பேசினில் இளஞ்சூட்டு நீர் எடுத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு, பத்து நிமிடம் விரலை மடக்கி மடக்கி நீட்டுங்கள். சீனி வருத்தக்காரருக்குச் சூடு தெரியாமல் போகலாம், அதனால் முதலில் பேத்தி கைவிட்டுப் பார்க்கட்டும். இடியப்பத்தை இராச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு விரல் இளகியிருக்கும். காலையில் பாண் தின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

பாமசியில் நோவுக் குளிசை கேட்டு வாங்காதீர்கள். டைக்குளோபெனக், ஐபுபுரோபன் வகையெல்லாம், பிரஷர் மருந்தும் சீனி வருத்தமும் உள்ள வயதானவரின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். பரசிட்டமோல் போதும். அதிலும் நாளைக்கு எத்தனை என்று உங்கள் நிறையைப் பார்த்து டொக்டர் சொல்லட்டும்.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் செய்தார்களா என்று கேளுங்கள். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும். கல்சியம் தந்திருந்தால் சாப்பாட்டோடு போடுங்கள்.

குளிசை வைக்கிற விதம் பற்றி இரண்டு வார்த்தை. நம் வீடுகளில் மருந்து இருக்கும் இடம் ஒன்றில் சாமித்தட்டு, விளக்குச் சூட்டுக்குப் பக்கத்தில். அல்லது குசினி யன்னல். இரண்டுமே ஆகாது. நிழலான, ஈரமில்லாத அலுமாரிதான் சரி. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் மைலோ டின் சரியான இடத்தில்தான் இருக்கிறது! கிளினிக்கில் ஒரு மாதம் வெள்ளையாகத் தருவார்கள், அடுத்த மாதம் மஞ்சளாக. கையிருப்பு இல்லாவிட்டால் துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொல்வார்கள், அங்கே பெயரே வேறாக இருக்கும். பழைய அட்டையிலும் ஒன்று, புதியதிலும் ஒன்று என ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டு வார்ட்டுக்கு வந்தவர்கள் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனிப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர், அதைப் பேத்தி வாசிக்கட்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லா மருந்தையும் அந்தப் பெயரில் எழுதி வையுங்கள். வெளியில் வேறு டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணப் போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு நாள் லெட்ரோசோல் மறந்துபோனால் அன்றைக்கே நினைவு வந்ததும் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடக்கூடாது.

சோயா மீற் கறியை இடைக்கிடை சாப்பிடலாம், பயமில்லை. சோயாவில் செய்த மாத்திரை, பவுடர் வேண்டாம். சாத்தாவாரியில் ஈஸ்ட்ரஜன் போல நடக்கக்கூடிய பொருள்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். டொக்டரைக் கேட்காமல் தினமும் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதை நான் விரும்பவில்லை. பக்கத்து வீட்டாரிடம் சரி, சரி என்று சொல்லி வாங்கி வையுங்கள், சண்டை எதற்கு?

அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள். நீங்களாக இன்றைக்குத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம், இரண்டு மாத இடைவெளியைச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். டொக்டருக்கு முன்னால் இருந்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும், தெரியும். அதனால் ஒரு கடதாசியில் இதை எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள்: "இரண்டு மாதமாக லெட்ரோசோல் போடவில்லை. கைவிரலும் முழங்காலும் தாங்க முடியாத நோவு. நிறுத்திய பிறகு குறைந்தது. வேறு மருந்து இருக்கிறதா?" அவ்வளவுதான். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அங்கே நிற்கிற நர்ஸ் மிஸியிடம் நீட்டுங்கள். ஏசுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். ஒருவேளை ஏசுவார்கள். அரை நிமிடம் ஏசிவிட்டுக் கொப்பியைத் திறப்பார்கள்.

மகளிடம் போகிற வழியில், பஸ்சில் சொல்லுங்கள். சனத்துக்கு நடுவில் சத்தம் போட மாட்டாள்.

அந்த அறுபது குளிசையையும் டின்னோடு கொண்டு போங்கள். வாவிக்குள் எறியவோ, இதே வருத்தம் உள்ள இன்னொருவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். என்ன செய்வதென்று அங்கே சொல்வார்கள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுடைய கையெழுத்து நன்றாக இருக்கிறது.