கயிறு எட்டாத கிணறு: டிஸ்க் டிரைவரும் மெமரி எல்லையும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் லினக்ஸ் பழகும் பிள்ளைகளோடு இருந்து கதைப்பது வழக்கம். இந்த முறை கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றியே வந்தன: டிஸ்க்கை இயக்கும் சிப்பான கொன்ட்ரோலரால் எட்ட முடியாத மெமரியை, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர் எப்படிச் சமாளிப்பது? வராதவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தம்பி: அண்ணை, என்னுடைய டிரைவர் 2 ஜிபி றாம் உள்ள கணினியில் பிழையில்லாமல் ஓடியது. 16 ஜிபி போட்டதும் ஃபைல்கள் பழுதாகின்றன. எரர் ஒன்றும் வரவில்லை. ஏன்?

கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போனால், குட்டைக் கயிற்றில் கட்டிய வாளி தண்ணீரைத் தொடாது. கொன்ட்ரோலரின் முகவரி பிட்கள்தான் அந்தக் கயிறு. டிஎம்ஏ என்பது சிபியூவை நடுவில் வைக்காமல் கொன்ட்ரோலர் தானே றாமில் வாசிப்பதும் எழுதுவதும். 32 பிட் என்றால் 4 ஜிபி வரைதான் எட்டும்.

ஆனால் கிணற்றில் வெறும் வாளி மேலே வரும், உடனே தெரிந்துவிடும். இங்கே மேல் பிட்கள் வெட்டுப்பட்டுப் போய்விடும். 5 ஜிபி இடத்தில் எழுத வேண்டியதை 1 ஜிபி இடத்தில் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று கொன்ட்ரோலர் சொல்லும். யாருடைய தரவு அழிந்தது என்று அதற்குத் தெரியாது.

உங்கள் கோட்டைப் பார்க்காமலே ஒன்று சொல்லலாம். கார்டு (கொன்ட்ரோலர்) எத்தனை பிட் எட்டும் என்று டிரைவர் சொல்வதுதான் மாஸ்க். அதைச் சொல்லாவிட்டால், லினக்ஸின் மையமான கேர்னல் 32 பிட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே கார்டுக்கு எட்டும் முகவரியைக் கேர்னலிடம் வாங்கித் தரும் டிஎம்ஏ மேப் ஃபங்ஷன்கள் வழியாகப் போயிருந்தால் இது நடந்திராது. ஒன்றில் நீங்களே பௌதிக முகவரியைக் கணக்கிட்டு ரெஜிஸ்டரில் எழுதியிருக்கிறீர்கள், அல்லது 32 பிட் கார்டுக்கு 64 என்று மாஸ்க் கொடுத்திருக்கிறீர்கள். (தம்பி சிரித்தார். முதலாவதுதான்.)

சுன்னாகம் தங்கச்சி: முதலில் 64 பிட் மாஸ்க் கேட்டு, சரிவராவிட்டால் 32 கேட்கும் கோட்டைப் பல டிரைவர்களில் பார்த்தேன். அப்படியே எழுதலாமா?

அது பழைய பழக்கம். இன்றைய கேர்னலில் 64 பிட் கேட்டால் தோற்காது. ஆகவே அந்த இரண்டாவது வரி ஒருநாளும் ஓடாது. கார்டு எவ்வளவு எட்டும் என்பதைக் கேர்னலிடம் கேட்டுப் பயனில்லை, கார்டிடம்தான் கேட்க வேண்டும். ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்க்குகளுக்கான பொது முறை) கொன்ட்ரோலரில், அதன் திறன்களைச் சொல்லும் கேப் ரெஜிஸ்டரின் 31ஆம் பிட் 1 என்றால் 64 பிட் முகவரி தெரியும் என்று பொருள். இல்லையென்றால் 32 பிட் மாஸ்க் கொடுங்கள்.

வன்பொருள் பொய் சொல்வதும் உண்டு. ஏடிஐ எஸ்பி600 சிப் 64 பிட் முடியும் என்று சொல்லும், ஆனால் பல போர்டுகளில் முடியாது. அதனால் லினக்ஸ் ஏஎச்சிஐ டிரைவரில் அதற்கென்று 32 பிட் விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், ஆக்ரெய்ட் என்ற ரெய்ட் கார்டு டிரைவரின் சில பழைய கார்டுகளுக்கு 31 பிட், அதாவது வெறும் 2 ஜிபிதான்.

கோப்பாய் தம்பி: அப்போ 32 பிட் கார்டுக்கு 10 ஜிபி இடத்தில் இருக்கும் தரவு எப்படிப் போகும்?

எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்று ஒன்று இருக்கிறது. கிணற்றடித் தொட்டி மாதிரி நினையுங்கள். எட்டக்கூடிய இடத்தில் கேர்னல் ஒரு தொட்டி வைத்திருக்கும். எழுதும்போது சிபியூ தரவைத் தொட்டிக்குள் ஊற்றும், கார்டு அங்கிருந்து அள்ளும். வாசிக்கும்போது மறுவளம். ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி கூடுதலாக எடுப்பதால் வேகம் குறையும். ஒருமுறை ஒரு கடையின் பழைய சேவருக்கு றாம் கூட்டிக் கொடுத்தேன். அது முன்னையைவிட மெதுவானது. காசு வாங்கவே வெட்கமாக இருந்தது. காரணம் இந்தத் தொட்டிதான்.

வழமையாகத் தொட்டி 64 எம்பி. ஒரே மேப்பில் 256 கேபிக்கு மேல் கொள்ளாது. “பஃபர் இஸ் ஃபுல்” என்று லொக்கில் வந்தால் உடனே தொட்டியைப் பெருப்பிக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் டிரைவர் எங்கோ அன்மேப் செய்ய, அதாவது வேலை முடிந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க, மறந்திருக்கும். டிஎம்ஏ டீபக் வசதியோடு கேர்னலைக் கட்டி ஓட்டினால் அது யாரென்று காட்டித் தரும். மேப் செய்த கையோடு பிழைச் சோதனையும் கட்டாயம். தொட்டி நிறைந்தால் அந்தக் கோரிக்கையைப் பிறகு அனுப்பச் சொல்லித் திருப்புங்கள். பிழையான முகவரியைக் கார்டுக்குக் கொடுக்காதீர்கள்.

நல்லூரிலிருந்து ஒருவர்: ஐஓஎம்எம்யூ இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?

பெரும்பாலும் இல்லை. எட்டாத இடத்தை எட்டும் முகவரியாக அது மாற்றிக் காட்டும். ஆனால் பயோஸில் அதை நிறுத்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதை நம்பி மாஸ்க்கில் பொய் எழுதாதீர்கள்.

மானிப்பாய் தம்பி: 8 ஜிபி ராஸ்பெரி பை 4இல் யூஎஸ்பி எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். அதற்கும் இது பொருந்துமா?

நல்ல கேள்வி. பை 4இன் ஆரம்பகாலச் சிப்பில் பிசிஐஇ வழி முதல் 3 ஜிபியை மட்டுமே எட்டும். யூஎஸ்பி 3 சிப் அந்த வழியில்தான் இருக்கிறது. யூஎஸ்பி சிப் குறையில்லாதது; போகிற ஒழுங்கைதான் ஒடுக்கம். ஆகவே இது டிரைவர் சொல்ல வேண்டிய விசயம் அல்ல. போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் டிஎம்ஏ-ரேஞ்சஸ் என்று எழுதியிருக்கும், கேர்னல் மாஸ்க்கையும் அதையும் சேர்த்துப் பார்த்துக் குறைந்ததை எடுக்கும். பின்னர் வந்த சிப் திருத்தத்தில் இந்தக் குறை இல்லை.

பின்வரிசையிலிருந்து: கட்டளை பஃபரை ஃபங்ஷனுக்குள் ஸ்டாக்கிலேயே வைக்கலாமா? அல்லது மெமரி கேட்கும்போது ஜிஎஃப்பி டிஎம்ஏ என்ற குறி போட்டு எடுக்கலாமா?

ஸ்டாக்கில் கூடாது, கேர்னலின் மெமரி தரும் ஃபங்ஷனான கேமலொக்கில் எடுங்கள். ஜிஎஃப்பி டிஎம்ஏ எக்ஸ்86இல் முதல் 16 எம்பியைத்தான் தரும். பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்கான சங்கதி, விடுங்கள்.

கோப்பாய் தம்பி மறுபடியும்: என்னிடம் 4 ஜிபி மெஷின்தான். எப்படிச் சோதிப்பது?

பூட் வரியில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி=ஃபோர்ஸ் என்று கொடுங்கள். மேப் செய்யும் டிஎம்ஏ எல்லாம் தொட்டி வழியாகவே போகும். சிங்க் (தொட்டியையும் பஃபரையும் ஒன்றாக்குவது) மறந்த இடம், திசையை மாற்றிக் கொடுத்த இடம் எல்லாம் அன்றைக்கே வெளிக்கும். முக்கியமான ஃபைல்கள் இல்லாத டிஸ்க்கில் செய்யுங்கள்.