பாதி வாசித்த பரிசோதனை

கேள்வி: எங்கள் கடலில் வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும்; ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒற்றுமை கிடையாது. கூட்டத்தோடு ஒத்துப்போவதே மனித இயல்பு என்று உளவியலாளர் சொலமன் ஆஷின் பரிசோதனையே நிறுவிவிட்ட பிறகு, நான் ஒருவன் பேசி என்ன ஆகப்போகிறது?
– வாசகர் ஒருவர், நிலாவெளி

பதில்: பரிசோதனையைப் பாதி வாசித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள இன்னொன்றை வேறு சில கோடுகளிலிருந்து காட்டச் சொன்னபோது, முன்கூட்டியே பேசிவைத்த கூட்டம் ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்ட, விஷயமறியாத மாணவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகள் அதற்கு ஒத்து ஊதினார்கள் என்பது உண்மைதான். மிச்சத் தடவைகளில் தங்கள் கண் கண்டதையே சொன்னார்கள். நான்கில் ஒருவர் கடைசிவரை இணங்கவே இல்லை. கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்தத் தவறுகள் நான்கில் ஒன்றாகச் சுருங்கின. உங்கள் ஊர் மௌனத்தின் பலம், அதை இதுவரை ஒருவரும் உடைக்காததுதான்.

ஒற்றுமை இல்லையென்கிறீர்கள். அதே ஆட்கள் அம்பாப் பாட்டுப் பாடி, கரையில் நின்று கூட்டாகக் கரைவலை இழுப்பதைப் பார்த்ததில்லையா? ஒருவன் கை தளர்ந்தால், பின்னால் நிற்பவனின் உள்ளங்கையில் கயிற்றின் பாரம் உடனே ஏறிவிடும். பங்கு பிரிக்கும் வேளையில் கை தளர்ந்தவன் எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டும். வெடி வைப்பவனுடைய இலாபமோ அன்றே அவன் வள்ளத்தில் ஏறிவிடுகிறது. உடைந்த பவளப்பாறையின் நட்டம் பிறகு எல்லார் வலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்வதால், கண்டவனுக்கும் அது தன் காரியமாகத் தோன்றுவதில்லை.

கரைவலையையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுவளங்களை மக்களே காத்த ஊர்களை ஆராய்ந்தவர். ஆனால் தோல்விக்கு அவர் எடுத்துக்காட்டியவற்றுள் இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்லயும் ஒன்று. அங்கே கரைவலை வளைக்க ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள்; புதிய வலைகள் பெருகுவதைத்தான் தடுக்க முடியவில்லை.

ஆகவே தனியாகப் பேசப் போகாதீர்கள்; அது வீரம், காரியத்துக்கு உதவாது. உங்கள் எண்ணமுள்ள இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். வெடி குற்றமா என்ற விவாதமே வேண்டாம், சட்டம் அதை எப்போதோ தடைசெய்துவிட்டது. காவலுக்கு யார், எந்த முறையில் என்பதை மட்டும் கேளுங்கள். கருத்தைக் கை உயர்த்தச் சொல்லிக் கேட்காமல், துண்டுச் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்: விடையை மற்றவர் அறியாதபடி எழுத விட்டபோது இணங்கிப்போவது வெகுவாகக் குறைந்ததைக் கண்டவரும் அதே ஆஷ்தான்.